கம்பியை வெட்டினால் ஏன் கொட்டுவதில்லை

சின்னவனுக்கு நாற்பத்தொரு வயது. பொருள்களுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவன். பதினைந்து வருடமாக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அதே வேலையாக இருக்கிறவன். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தன் வீட்டுக் குளியலறையில் பல்பு மாற்ற முக்காலி மேல் ஏறினான். பல்பை மாட்டினான். எரிகிறதா என்று பார்க்க இரண்டடி பின்னால் நகர்ந்தான். முக்காலிக்கு இரண்டடிப் பின்பக்கம் கிடையாது என்பது நடுவானில்தான் நினைவுக்கு வந்தது.

கணுக்கால் முறிந்தது. பல்பு நன்றாக எரிந்தது.

அவன் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று மருத்துவர் சொன்னதும், அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் அவனை வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அண்ணன் வீடு என்பது முன்னால் பட்டறை, பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. எரிந்துபோன மோட்டார்கள் அந்தப் பட்டறைக்கு வரும். உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைக் காயில் காயிலாக, அதாவது சுருள் சுருளாகச் சுற்றி இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து அனுப்புவார்கள். கழற்றுவது, தூக்குவது, பேரிங் மாற்றுவது அண்ணன் வேலை. கம்பி சுற்றுவது முழுக்க அண்ணி.

வாசலில் ஊன்றுகோலோடு இறங்கியவனை அண்ணி மேலும் கீழும் பார்த்தாள்.

"பல்பு மாட்டப் போனீங்களா, கட்டு மாட்டப் போனீங்களா சின்னவரே?"

"அண்ணி, வலிக்குது."

"வலிக்கும் வலிக்கும். உள்ள வாங்க. இவ்வளவு நாள் நான் உங்க காலை வாரினதுக்கே நீங்க விழலை. ஒரு பல்பு வாரிடுச்சே."

முதல் நாலு நாள் பின்னறையில் படுத்துக்கிடந்தான். ஐந்தாம் நாள் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்ததால் நொண்டிக்கொண்டே பட்டறைக்கு வந்தான். அண்ணி ஒரு பழைய பஸ் சீட்டை அவனுக்குக் காட்டினாள். அதில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஒரு கம்பி உருளை மேல் வைத்துக்கொண்டான். வார்னிஷ் வாடை, விசிறிச் சத்தம், சுற்றும் மெஷினின் கடகடவென்ற ஓட்டம். அண்ணி வலது கையால் பிடியைச் சுழற்ற, இடது கை விரல்களுக்கிடையே செம்புக் கம்பி வழுக்கிக்கொண்டு போனது.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா? சிரிக்கக்கூடாது."

"கேளுங்க அண்ணி."

"இந்தக் கம்பி கெட்டியா இருக்கு. ஓட்டை கிடையாது. இதுக்குள்ள எதுவோ ஓடுதுங்கறீங்க. எந்த வழியா ஓடுது?"

சின்னவனுக்கு நெஞ்சு விரிந்தது. இந்த வீட்டில் அவன் வேலையைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை. கல்லூரியில் பாடம் எடுத்த நாள்கள் நினைவுக்கு வர, தொண்டையைச் செருமிக்கொண்டான். செம்பு அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு அணுவும் தன் எலக்ட்ரான்களில் ஒன்றைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அந்தப் பொது எலக்ட்ரான்கள் கம்பி முழுக்கத் திரிகின்றன. குழாய் நிறையத் தண்ணீர் இருப்பதைப் போல என்று கையை ஆட்டிச் சொல்லி முடித்தான்.

அண்ணி மெஷினை நிறுத்தினாள். கத்தரியை எடுத்துக் கம்பியை நறுக்கென்று வெட்டினாள். வெட்டின முனையை அவன் மூக்கு முன்னால் நீட்டினாள்.

"குழாயை வெட்டினா தண்ணி கொட்டும். இது ஏன் கொட்டல?"

குழாய் உவமையை அவன் நூறு மாணவர்களுக்காவது சொல்லியிருப்பான். ஒருத்தரும் குழாயை வெட்டிப் பார்த்ததில்லை.

"அது... எலக்ட்ரான் போயிட்டா அணுக்கள் தனியா நிக்கும் அண்ணி. அதுங்க இழுக்கும். முனை வரைக்கும் வர்ற எலக்ட்ரானைப் பிடிச்சு உள்ள இழுத்துக்கும். வீட்டுக்குள்ள எங்க வேணா சுத்தலாம், வாசல் தாண்ட முடியாது."

"உங்களை மாதிரி."

"என்னை மாதிரின்னே வச்சுக்கங்க."

"சரி. ஆனா அப்போ அது குழாய் இல்ல. இனிமே குழாய்னு சொல்லாதீங்க." மெஷின் மறுபடி கடகடத்தது.

அன்றோடு முடியவில்லை. முடிந்திருந்தால் அவன் ஆறு வாரமும் நிம்மதியாகக் கிரிக்கெட் பார்த்திருப்பான். மறுநாள் காலை தேநீர் தம்ளரோடு சேர்ந்தே அடுத்த கேள்வி வந்தது. எலக்ட்ரான் எவ்வளவு வேகம்? சுவிட்சைப் போட்ட நொடியில் விளக்கு எரிகிறதே, பயங்கர வேகமாகத்தான் இருக்கும், இல்லையா?

இங்கேதான் சின்னவன் தானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஆளை அசத்தலாம் என்று நினைத்து, "இல்ல அண்ணி. நத்தை கூட முந்திடும்" என்றான்.

பட்டறை மூலையில் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த அண்ணன் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் திரும்பிப் பார்ப்பதே வீட்டில் ஒரு சம்பவம்.

டார்ச் விளக்குக் கம்பியில் எலக்ட்ரான் கூட்டம் ஒரு அங்குலம் நகர நிமிஷக்கணக்கில் ஆகும் என்று சின்னவன் விளக்கினான். சுவிட்சைப் போட்டதும் கம்பி முழுக்க எல்லா எலக்ட்ரானுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உந்தல் கிடைத்துவிடுகிறது, வேகமாகப் போவது அந்த உந்தல்தான். வீட்டு மின்சாரத்திலோ அந்த ஊர்தலும் கிடையாது. நொடிக்கு ஐம்பது அறுபது முறை முன்னும் பின்னும் ஆடுவதோடு சரி.

"அப்போ," அண்ணி விரலை நீட்டி நிதானமாகக் கேட்டாள், "இந்தச் சுவத்துக்குள்ள இருக்கற கம்பில, நாங்க கடை திறந்த நாள்லேர்ந்து அதே ஆளுங்கதானா?"

"ஏறக்குறைய."

"மின்சார நிலையத்திலேர்ந்து யாரும் வரல?"

"வரல."

"இருபது வருஷமா நின்ன இடத்தில ஆடிக்கிட்டே இருக்காங்க, அதுல மோட்டார் ஓடுது?"

"ஆமா அண்ணி."

"எங்கயும் போகாம ஆடிக்கிட்டே இருந்தா வேலை எப்படித் தம்பி நடக்கும்?"

சின்னவன் யோசித்தான். ஊஞ்சல் என்று சொல்லலாமா என்று பார்த்தான். ஊஞ்சல் ஒரு வேலையும் செய்வதில்லை. தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது மூலையிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"ரம்பம்."

இருவரும் திரும்பினார்கள். அண்ணன் அதற்குள் பேரிங் பக்கம் குனிந்துவிட்டிருந்தான். போய் வந்து போய் வந்து, எங்கேயும் போகாமல் மரத்தை அறுத்துப்போடும் ரம்பம். சின்னவனுக்கு அந்த உவமை வயிற்றெரிச்சலாக இருந்தது. அது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

"பார்த்தீங்களா? எட்டாவது படிச்சவரு," என்றாள் அண்ணி. "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க, மறந்துபோச்சு."

மூன்றாவது வாரம் கேள்வி கம்பி மேல் பூசியிருக்கும் எனாமலுக்கு வந்தது. அந்தப் பூச்சு முடியைவிட மெல்லிசு. அது உரிந்தால் மோட்டார் எரிந்துவிடும்; உரியாதவரை பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. செம்பும் அணு, எனாமலும் அணு. இரண்டிலும் எலக்ட்ரான் உண்டு. அங்கே ஓடுகிற எலக்ட்ரான் இங்கே மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது?

இந்தத் தடவை அவன் முந்தின இரவே உவமையைத் தயார்செய்து வைத்திருந்தான். எலக்ட்ரான்களுக்கு இருக்கைகள் உண்டு. ஓர் இருக்கையில் ஒருவர்தான் உட்காரலாம். செம்பில் பாதி இருக்கை காலி, அதனால் நகர இடமிருக்கிறது. எனாமலில் கீழ்த்தளம் முழுக்க நிரம்பிவிட்டது. அடுத்த தளம் எட்டாத உயரத்தில்...

"ஹவுஸ்ஃபுல்!" என்றாள் அண்ணி.

"அதேதான்."

"ஹவுஸ்ஃபுல்லா இருந்தா யாரும் நகர முடியாது. அட, இதுக்கா இவ்வளவு சுத்தினீங்க?" பிறகு ஒரு நிமிடம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி" என்றாள், கிண்டல் இல்லாமல். அவனுக்கு அது டாக்டர் பட்டம் வாங்கிய நாளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது. ஆனால் வெளிக்காட்டவில்லை.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் அண்ணி, கம்பி ஏன் சூடாகிறது என்று கேட்டாள். எலக்ட்ரான் போகிற வழியில் அணுக்கள்மேல் மோதுவதாலா?

"வரிசை தப்பாம நிக்கற அணு மேல மோதாது அண்ணி. எத்தனை கோடி நின்னாலும் நடுவுல ஆளே இல்லாத மாதிரி போயிடும். அணு ஆடினாலோ, நடுவுல வேற அணு வந்து நின்னாலோதான் தடுமாறும்."

"வரிசையா நின்னா இடிக்காது. ஆடினா இடிக்கும்."

"ஆமா."

"அது எப்படி? கூட்டம் நெருக்கமாத்தானே நிக்குது?"

"எலக்ட்ரான் ஒரு அலை அண்ணி. அதனால..."

"அலையா?" அண்ணி கத்தரியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு இருக்கைல உக்காந்திருந்ததே! அலை எப்படி உக்காரும்?"

சின்னவனின் காது சிவந்தது. காகிதம் கேட்டான். மோட்டார் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு சமன்பாட்டை எழுதி, இதைத் தீர்த்தால் அப்படித்தான் விடை வருகிறது என்று காட்டினான். அண்ணி அதைக் குனிந்து பார்த்தாள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்றாள். பிறகு கேட்டாள்:

"அடுத்த அணு வரிசைல நிக்குதா, ஆடுதான்னு எலக்ட்ரானுக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"இந்தச் சமன்பாட்டுல..."

"சமன்பாட்டை விடுங்க. நான் உங்களைக் கேக்கறேன்."

சின்னவன் அந்தக் கேள்வியைத் தனக்குள் புரட்டிப் பார்த்தான். அது எலக்ட்ரான் கம்பி முழுக்கப் பரவியிருப்பதைப் பற்றிய விஷயம் என்று அவனுக்குத் தெரியும். அப்படியே சொல்லியும் பார்த்தான்: அது எல்லா இடத்திலும் பரவியிருக்கும் அண்ணி, அதனால் மொத்த வரிசையும் அதற்கு ஒரே நேரத்தில் தெரியும். சொல்லும்போதே அந்த வாக்கியம் வாயில் சவசவவென்று இருந்தது. பதினைந்து வருடமாக அந்தச் சமன்பாட்டை ஆயிரம் தடவை தீர்த்திருக்கிறான். தீர்க்காமல் வெறுமனே உட்கார்ந்து அதை ஒரு தடவைகூட யோசித்ததில்லை என்பது, எண்ணெய்க் கறை படிந்த பஸ் சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் உறைத்தது.

"சரியா சொல்ல வரல அண்ணி," என்றான்.

அண்ணி அதற்குக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

பின் இரண்டு நாள் அவன் கேள்வி வராத நேரமாகப் பார்த்துப் பட்டறைக்கு வந்தான். வெட்டியாக உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற குறுகுறுப்பும் சேர்ந்துகொள்ள, தானும் ஏதாவது செய்கிறேன் என்று நச்சரிக்கத் தொடங்கினான். அண்ணி முதலில் காயிலுக்கு அடியில் வைக்கும் காகிதத்தை வெட்டக் கொடுத்தாள். பிறகு கம்பி முனையில் எனாமல் சுரண்டக் கொடுத்தாள். அப்படி இருக்கும்போதுதான் தெருமுனை பேக்கரிக்காரர், மாவு பிசையும் மெஷினின் மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்து மூச்சிரைக்கக் கொண்டுவந்தார். எரிந்துவிட்டது. நாளை மதியத்துக்குள் வேண்டும். இல்லையென்றால் ரொட்டி கிடையாது.

அண்ணி அன்று முழுக்கக் கம்பி சுற்றினாள். மறுநாள் காலை எல்லாக் காயில்களும் மோட்டாருக்குள் இறங்கிவிட்டன. காயில் கூட்டங்களை ஒன்றோடொன்று இணைப்பது மட்டும் பாக்கி. அப்போது பார்த்து இன்னொரு வாடிக்கையாளர் போனில் பிடித்துக்கொண்டார். பேக்கரிக்காரர் வாசலில் நின்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இணைக்கறேன் அண்ணி," என்றான் சின்னவன். "படம் இருக்கே. இதுகூட முடியாதா எனக்கு?"

அண்ணி போனைக் காதில் இடுக்கிக்கொண்டே அவனைப் பார்த்தாள். சந்தேகத்தோடுதான் தலையசைத்தாள்.

அவன் படத்தைப் பார்த்து ஒவ்வொரு முனையாக முறுக்கி, பற்றவைத்து, உறை மாட்டினான். வேர்த்துக்கொட்டியது. முடித்தபோது பெருமை தாங்கவில்லை. அண்ணி வந்து மேலோட்டமாகப் பார்த்தாள். வழக்கமாகச் செய்யும் சோதனையைப் பேக்கரிக்காரரின் பெருமூச்சு செய்யவிடவில்லை. அண்ணன் மோட்டாரை மூடிச் சுவிட்சைப் போட்டான்.

மோட்டார் ஓடவில்லை. அடித்தொண்டையிலிருந்து உறுமியது. மேசை அதிர்ந்தது. தண்டு பாதிச் சுற்று போய்த் தயங்கித் தயங்கி நடுங்கியது. அண்ணி பாய்ந்து சுவிட்சை அணைத்தாள்.

"யாரு இணைச்சது?" என்றார் பேக்கரிக்காரர்.

"டாக்டர்," என்றாள் அண்ணி.

"கால் டாக்டரா?"

"காலை உடைச்சுக்கற டாக்டர்."

சின்னவன் முகத்தில் அசடு வழிந்தது. படத்தை எடுத்து மறுபடி மறுபடி பார்த்தான். சரியாகத்தான் செய்திருப்பதாகத் தோன்றியது. அண்ணி படத்தின் பக்கமே போகவில்லை. அண்ணனிடம் மோட்டாரைக் கழற்றச் சொன்னாள். ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றின் கம்பிகளை ஒரு முனைத் தொகுதியில் தொட்டு, மேசை டிராயரிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து, கம்பிகள் பதிந்த உருளைக்குள் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனாள். ஒவ்வொரு காயில் கூட்டத்தைத் தாண்டும்போதும் ஊசி தலைகீழாகத் திரும்பவேண்டும். திரும்பியது. பிறகு ஓரிடத்தில் திரும்பாமல் அப்படியே நின்றது.

"இங்க. முனையைத் திருப்பிக் கொடுத்துட்டீங்க. உங்க ஆளுங்க இங்க மட்டும் எதிர்ப்பக்கமா தள்ளறாங்க. இணைக்குமுன்ன அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பழக்கமானவங்கதானே?"

பேக்கரிக்காரர் சிரித்தார். அண்ணன்கூடச் சிரித்தான் என்று சந்தேகம், முதுகு குலுங்கியது. அண்ணி பத்து நிமிடத்தில் முனைகளை மாற்றினாள். மோட்டார் பூனைபோல ஓடியது. வார்னிஷ் ஊற்ற நேரமில்லை, ராத்திரி திரும்பக் கொண்டுவாங்க என்று பேக்கரிக்காரரிடம் சொன்னாள். அது தள்ளுவண்டியில் ஏறித் தெருமுனை திரும்பியதும், சின்னவன் மெல்லக் கேட்டான்:

"அண்ணி, படத்தைப் பார்க்காம இணைப்புலதான் தப்புன்னு நேரா போனீங்களே. கம்பி எங்கயாவது உரிஞ்சு ஒட்டியிருக்கலாம். அது இல்லன்னு எப்படித் தெரியும்?"

"சத்தம்தான். ஒட்டியிருந்தா வேற சத்தம் வரும்."

"எப்படி வேற?"

"கூர்மையா இருக்கும். இது உறுமுச்சு."

"கூர்மைன்னா?"

"கூர்மைன்னா கூர்மைதான் தம்பி."

"மெல்லிசா? உச்சமா? வேகமாவா?"

"அப்படியில்ல. அது... பல்லு கூசற மாதிரி."

"இப்போ கூசலையா உங்களுக்கு?"

"இல்ல. இது வயித்துல கேட்டுச்சு."

"வயித்துல எப்படிக் கேக்கும் அண்ணி?"

அண்ணி எரிச்சலோடு கத்தரியை மேசையில் தட்டினாள். "இருபது வருஷமா கேக்கறேன், தெரியும். எப்படித் தெரியும்னா என்ன சொல்றது?" சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். சின்னவன் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, அவள் வழக்கமாக உட்காரும் அதே பாவனையில், மிகவும் பணிவாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓ," என்றாள் அண்ணி. "பழி வாங்கறீங்களா?"

"சந்தேகம் கேட்டேன் அண்ணி. படிக்காதவன் ஏதோ கேட்டுட்டேன்."

அவள் பக்கத்திலிருந்த பஞ்சுக் கழிவை எடுத்து அவன்மேல் எறிந்தாள். அது கட்டுப் போட்ட காலில் பட்டு விழுந்தது. அன்று சாயங்காலம் வரை இருவரும் முகத்தைப் பார்த்தாலே சிரித்துக்கொண்டார்கள்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே, குடும்பத்தாரை அழைத்துவந்து ஆராய்ச்சிக்கூடத்தைக் காட்டலாம் என்று ஒரு நாள் அறிவித்தார்கள். சின்னவன் அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டான். அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்வதாகத் தலையசைத்துவிட்டான். அண்ணி புதுச்சேலை கட்டிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மொத்தத்தையும் சேர்த்துவைத்திருக்கிறாள் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி ஒரு பேராசிரியை. கட்டையாக வெட்டின நரைமுடி, கான்வாஸ் செருப்பு, உரத்த சிரிப்பு. ஆள் உயர எஃகுக் கலம் ஒன்றின் முன்னால் கூட்டத்தை நிறுத்தி, உள்ளே கடுங்குளிரில் ஒரு கம்பி வளையம் கிடக்கிறது என்றார். நாலு மாதத்துக்கு முன்னால் அதில் ஒருமுறை மின்சாரம் ஏற்றி, பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே ஒரு காந்த ஊசி அதைச் சுட்டியபடி அசையாமல் நின்றது.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"பேட்டரி இல்லாமலா?"

"இல்லாமத்தான்."

"சூடாகாதா?"

"கொஞ்சம்கூட ஆகாது."

"அப்போ எரியவே எரியாதா?" அண்ணி சின்னவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இது கடைவீதிக்கு வந்துச்சுன்னா நானும் உங்க அண்ணனும் என்ன பண்றது?"

பேராசிரியை சிரித்து, யார் இவர் என்று விசாரித்தார். மோட்டார் காயில் சுற்றுகிறவர் என்று தெரிந்ததும் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணி உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். சின்னவனுக்கு எந்தக் கேள்வி என்று தெரியும். பக்கத்துச் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்பை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தான்.

"அடுத்த அணு ஒழுங்கா நிக்குதான்னு எலக்ட்ரானுக்கு எப்படிங்க தெரியும்?"

பேராசிரியை எஃகுக் கலத்தின் மேல் விரலை நீளமாக இழுத்துக் காட்டினார். "அது ஒவ்வொரு அணுவா விசாரிச்சுக்கிட்டுப் போகலம்மா. ஒரே ஆளு, ஒரே நேரத்தில, மொத்த வரிசையிலும் இருக்கு. அதனால எங்க ஒண்ணு ஆடினாலும் அதுக்கு உறைக்கும்."

அண்ணி திருப்பிச் சொன்னாள். "ஒரே ஆளு, ஒரே நேரத்தில, எல்லா இடத்திலும்."

"ஆமா."

"காலைல எட்டு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க. அடுப்படி, பட்டறை, வாசல், போன். நான் எங்க இருக்கேன்னு கேட்டா இவங்க அண்ணனாலயே சொல்ல முடியாது."

பேராசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். வகுப்பில் இதைச் சொல்லிக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டார். பிறகு, "ஆனா இயற்கை ஏன் அப்படி இருக்குன்னு கேட்டா, தெரியாது. முப்பது வருஷமா பாடம் எடுக்கறேன். எனக்குத் தெரியாது" என்றார்.

"இதை மூணு வாரம் முன்னாடியே நான் சொன்னேன் அண்ணி," என்று சின்னவன் முணுமுணுத்தான். "எல்லா இடத்திலும் பரவியிருக்கும்னு."

"சொன்னீங்க தம்பி. ஆனா தூக்குல போடப் போற முகத்தை வச்சுக்கிட்டுச் சொன்னீங்க."

கிளம்பும்போது கதவோரத்து அலமாரியில் விரல் நீளத்துக்கு ஒரு பழைய காயிலை அண்ணி பார்த்தாள். பார்த்ததும் கால் நின்றது. எடுக்கலாமா என்று கண்ணால் கேட்டு, கையில் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். கம்பிகள் நெளிந்துகொடுத்தன.

"இது யாரு சுத்தினது? ஆளுக்குக் காய்ச்சலா அன்னைக்கு?"

அங்கிருந்த ஆராய்ச்சி மாணவிகள் இருவர் கூரையைப் பார்த்தார்கள். பேராசிரியை சின்னவனைப் பார்த்தார்.

"நான் மாணவனா இருந்தப்போ..." என்றான் அவன்.

"பாதி மின்சாரம் ஏத்தறதுக்குள்ள சூடாகி நின்னுபோகும்மா இது," என்றார் பேராசிரியை. "ஏன்னு மூணு மாசம் தேடினோம்."

"கம்பி தளர்ந்திருக்கு. உள்ள அசையுது. அசைஞ்சா தேயும், தேஞ்சா சூடாகும்." அண்ணி காயிலைப் பத்திரமாகத் திரும்ப வைத்தாள்.

"மூணு மாசம் கழிச்சு நாங்களும் அதையேதான் எழுதினோம்," என்றார் பேராசிரியை. "முப்பத்திரண்டு பக்கத்துல."

பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பேராசிரியை தெரியாது என்று சொன்னதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது போலிருந்தது. இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள். பாதி வழியில், கேட்காமலே, "சனிக்கிழமை வாங்க, கம்பி பிடிக்கச் சொல்லித்தரேன். உங்க மானம் போனா எங்க மானமும் சேர்ந்துதான் போகுது" என்றாள்.

அவன் போனான். முதல் சனிக்கிழமை அவன் சுற்றியதை அண்ணி பார்த்தவுடனே பிரித்துப்போட்டாள். இரண்டாவது சனிக்கிழமை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிரித்துப்போட்டாள். விரல்களுக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, அறுந்துவிடும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தவேண்டும் என்றாள். அது எப்போது தோன்றும் என்று அவன் கேட்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, ஒரு தையல் கடையின் விசிறி மோட்டாரை அவனிடமே கொடுத்தாள். நானூறு சுற்று.

சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடியைச் சுழற்றினான். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. கம்பி விரல்களுக்கிடையே ஒரே சீராகப் போயிற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டது. அண்ணன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனான். முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பதின்மூன்று.

"தம்பி, காந்தத்தை ரெண்டா உடைச்சா..."

"அண்ணி, எண்ணிக்கிட்டிருக்கேன்!"

"எண்ணுங்க எண்ணுங்க. முடிச்சுட்டே சொல்லுங்க."

அவன் முந்நூற்றுப் பதினான்கா பதினைந்தா என்று விழித்தான். அண்ணி கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். சின்னவன் பெருமூச்சு விட்டான். சுற்றிய கம்பி அத்தனையையும் ஒரு சிக்கலும் விழாமல் பின்னோக்கிப் பிரித்தான். முனையைத் திரும்பவும் மெஷினில் மாட்டி, ஒன்று என்று எண்ணத் தொடங்கினான்.